மஞ்சள் காமாலை முதல் கல்லீரல் புற்றுநோய் வரை: லேப் கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் ரிசல்ட் கவரை வாங்கியவர் டாக்டரிடம் போவதற்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்ப்பார். "அண்ணே, பயப்படுற மாதிரியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விகளில் கல்லீரல் சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை. நோய் எப்படி வருகிறது, ஆராய்ச்சி எதைக் கண்டுபிடித்திருக்கிறது என்பது வரைதான் என் எல்லை.

மஞ்சள் காமாலை ஒரு நோய்தானே?

இல்லை, அது ஓர் அடையாளம். காய்ச்சல் எப்படியோ அப்படி. ரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அது உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு வரும். கல்லீரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளிவிடும். கல்லீரல் வீங்கி வேலை செய்ய முடியாமல் போனாலும், பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்தாலும், சிவப்பணு அளவுக்கு மீறி உடைந்தாலும் அந்த மஞ்சள் ரத்தத்திலேயே தங்கும். ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது 3-ஐ நெருங்கும்போது கண்வெள்ளையில் தெரியும்.

எங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். ரத்தக் குழாயைச் சுழல் மெஷினில் போட்டு எடுத்தால் சிவப்பு கீழே இறங்கி, மேலே சீரம் தெளிந்து நிற்கும். வழக்கமாக அது வெளிறிய வைக்கோல் நிறம். காமாலைக்காரர் சீரம் நல்லெண்ணெய் மாதிரி இருக்கும். முற்றினால் மஞ்சள் கரைத்த தண்ணீரேதான். முந்தின ராத்திரி கறிவிருந்துக்குப் போய்விட்டு, "வெறும் வயிறுதான்" என்று சாதிப்பவரின் சீரம் பால் கலந்த மாதிரிக் கலங்கி அவரைக் காட்டிக்கொடுக்கும்.

சிறுநீரில் சோற்றைப் போட்டுப் பார்ப்பது சரியான சோதனையா?

அதில் கொஞ்சம் விஷயம் உண்டு. சிறுநீரில் பிலிருபின் இறங்கியிருந்தால் சோற்றில் நிறம் ஏறும். ஆனால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவரின் சிறுநீரும் மஞ்சளாகத்தான் போகும். அதைவிட முக்கியம், மஞ்சள் ஏன் வந்தது என்று சோற்றுக்குச் சொல்லத் தெரியாது. வைரஸா, கல்லா, கட்டியா, மாத்திரையால் வந்ததா என்பது ரத்தத்திலும் ஸ்கேனிலும்தான் தெரியும்.

கல்லீரலை வீங்கவைக்கும் ஹெபடைடிஸ் வைரஸில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

இரண்டு வீட்டுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ, ஈ இரண்டும் தண்ணீர்வழி வருபவை. மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, எந்தத் தண்ணீரில் உறைந்தது என்றே தெரியாத ஐஸ், இவைதான் வழி. பி, சி, டி மூன்றும் ரத்தவழி. பி உடலுறவிலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் சர்வசாதாரணமாகப் போகும். டி தனியாக வாழாது. பி இருக்கிற உடம்பில் மட்டுமே ஒண்டிக்கொள்ளும்.

ஈ வைரஸின் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1955 கடைசியில் டெல்லியில் யமுனைத் தண்ணீரோடு சாக்கடை கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அப்போது அதை ஏ என்றே நினைத்தார்கள். 1978-ல் காஷ்மீரில் மறுபடி அப்படி ஒரு கொள்ளைநோய். டாக்டர் முகமது சுல்தான் குரூ அதை ஆராய்ந்து, இது வேறு ஏதோ வைரஸ் என்று சொன்னார். 1983-ல் ரஷ்ய விஞ்ஞானி மிகயில் பலாயன் நோயாளிகளின் மலச்சாற்றைத் தானே குடித்து, நோயை வரவழைத்து, தன் மலத்திலேயே அந்த வைரஸை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அறிவியலுக்காக உயிரைக் கொடுப்பது கேள்விப்பட்டதுதான். இதைக் கொடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஈ பெரும்பாலானவர்களுக்குத் தானாக அடங்கிவிடும். நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு மட்டும் விஷயமே வேறு. அவர்களில் நூற்றுக்கு 20, 25 பேர் வரை இறந்த கொள்ளைநோய்கள் உண்டு. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் காமாலைக் கேஸ் வருகிறதே, வெயில் சூட்டினாலா?

உடம்புச் சூட்டினால் காமாலை வராது. கோடையில் தண்ணீர் விட்டு விட்டு வரும். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்திலேயே சாக்கடை ஓடினால் விரிசல் வழியாக அது உள்ளே உறிஞ்சப்படும். மறுபடி திறக்கும்போது முதலில் கலங்கலாக வருவதைப் பிடித்து வைக்காதீர்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் போதும். அழகரைப் பார்க்கிற கூட்டத்தில் நீர்மோர் குடிக்காதே என்று நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? மோரில் பயம் குறைவு, அதில் மிதக்கிற ஐஸ் கட்டியில்தான் அதிகம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கீழாநெல்லி கேட்குமா, கேட்காதா?

நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். எங்கள் அப்பத்தா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் மோரோடு கொடுக்கும். எனக்கே கொடுத்திருக்கிறது. மூன்று வாரத்தில் கண் தெளிந்துவிட்டது. அதனால் எனக்கும் நம்பிக்கை இருந்தது. லேப் வேலைக்கு வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. எனக்கு வந்தது ஏ என்றால், அரைத்துக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் சில வாரங்களில் கண் தெளிந்திருக்கும். தானாக ஆறுகிற நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்குத்தான் பேர்.

அதற்காக யாரும் இதைச் சோதித்துப் பார்க்காமல் தூக்கிப்போட்டுவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழு, பி வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. கூட்டாளியாக நின்றவர் பரூக் பிளம்பெர்க். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கியவர் அவர். முடிவு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலிப் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதையே செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை வேறா, பறித்த பருவம் வேறா, நோயாளிகள் வேறா என்று நிறையப் பேசினார்கள். பிற்பாடு எல்லாச் சோதனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள், நம்பிச் சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் முடித்தார்கள். இதில் அப்பத்தாவுக்கு அவமானம் எதுவும் இல்லை. ஒரு மூலிகைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஆராய்ச்சி எப்படிக் கொடுக்கும்? எடுத்து, எடைபோட்டு, இன்னோர் ஊரிலும் எடைபோட்டுப் பார்த்தாகிவிட்டது.

எனக்கு வருத்தம் கீழாநெல்லி மேல் இல்லை, அதற்காக ஜனங்கள் காத்திருக்கிற நாட்கள் மேல். மஞ்சள் இறங்கியதும் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். பி தங்கிவிட்டவருக்கு மஞ்சள் இறங்கினாலும் வைரஸ் இறங்குவதில்லை.

சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவினால் மஞ்சள் இறங்குகிறதே, கண்ணால் பார்த்தேனே?

நீங்கள் பார்த்தது நிஜம்தான். கையில் முதலிலேயே மாம்பட்டைச் சாறு மாதிரி ஒன்றைத் தடவியிருப்பார்கள். சுண்ணாம்பு பட்டதும் அது மஞ்சளாகும். காமாலையே இல்லாத என் கையைக் கழுவினாலும் அதே மஞ்சள்தான். கண்ணில், மூக்கில் சொட்டு விடுவது, சூடு போடுவது எல்லாம் இதைவிட மோசம், புண்தான் மிச்சம்.

வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போனேன். பி பாசிட்டிவ் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே செய்யவில்லையே?

இது மேலூர், சிவகங்கைப் பக்கத்துப் பையன்களின் கேள்வி. வளைகுடா நாடுகளின் மருத்துவத் தேர்வில் பி இருந்தால் தகுதியில்லை என்றுவிடுவார்கள். ஏஜென்டுக்குக் கட்டிய பணம் ஒருபக்கம், வீட்டில் சொல்ல முடியாத கூச்சம் ஒருபக்கம்.

ஒரு தம்பியை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாங்கள் மறுபடி செய்து பார்த்தோம். சோதனை அட்டையில் ஒரு சொட்டு சீரம் விட்டால் பதினைந்து நிமிஷத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது. அவர் அட்டையில் இரண்டாவது கோடு ஐந்து நிமிஷத்திலேயே அழுத்தமாக வந்துவிட்டது. "நான் குடிக்கிறதே இல்லண்ணே" என்றார். கூட வந்த அம்மா, வீட்டில் அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்தாயிற்று என்றார். தட்டில் பி ஒட்டாது. ஒன்றாகச் சாப்பிடுவதிலும், கட்டிப்பிடிப்பதிலும், ஒரே பாயில் படுப்பதிலும் வராது என்று சொல்லி, "உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்மா" என்றேன். அவருடைய அட்டையிலும் இரண்டு கோடு. மகனிடமிருந்து அம்மாவுக்கு வந்ததில்லை அது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பிரசவத்தில் அம்மாவிடமிருந்து மகனுக்குப் போயிருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு நாளும் கண் மஞ்சளித்ததில்லை.

பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களாகித் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். அதனால்தான் "ஒன்றுமே செய்யாத" பாசிட்டிவ் இவ்வளவு.

பாசிட்டிவ் என்றால் உடனே மாத்திரை என்றில்லை. வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று டி.என்.ஏ. அளவு, கல்லீரல் நொதிகள், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஃபைப்ரோஸ்கேன், இத்தனையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர். இவை வைரஸை அடக்கிவைக்கும்; வேரோடு பிடுங்காது. வைரஸ் தன் மரபணுவின் மூலப்பிரதி ஒன்றைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் சுருட்டிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் அது திரும்ப எழும், சில சமயம் உயிரை வாங்கும் வேகத்தில். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

எனக்குப் பி இருக்கிறது. கல்யாணம் செய்யலாமா, பிள்ளை பெறலாமா?

இரண்டும் செய்யலாம். மறைக்காமல் செய்யுங்கள். துணைக்குச் சோதனை செய்து, இல்லை என்றால் மூன்று டோஸ் தடுப்பூசி. கர்ப்பிணியின் ரத்தத்தில் வைரஸ் அதிகமிருந்தால் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் கொடுப்பார்கள். பிள்ளைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, அதோடு வைரஸை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசி. அந்த 24 மணி நேரத்தை நல்ல நேரம் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். இத்தனையும் செய்த பிறகு தாய்ப்பால் கொடுப்பதில் தடையில்லை.

தடுப்பூசி புற்றுநோயையே தடுக்கும் என்பது விளம்பரம்தானே?

விளம்பரம் இல்லை, எண்ணிப் பார்த்த கணக்கு. தைவானில் பால்மர் பீஸ்லி என்ற ஆராய்ச்சியாளர் 22,707 ஆண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். பி தங்கியவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் மேல் என்று 1981-ல் வெளியிட்டார். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவைவிட இது பல மடங்கு பெரிது. 1984-ல் தைவான் பச்சைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆனது. பாதி.

நம் நாட்டில் இந்த ஊசி வெளிநாட்டிலிருந்து வந்தபோது வசதியுள்ளவர் சமாச்சாரமாக இருந்தது. 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகு விலை இறங்கியது. இப்போது பிறந்தவுடன் ஒன்று, அப்புறம் 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசியில் இது இருக்கிறது. அதற்கு முன் பிறந்த நம்மைப் போன்றவர்கள்தான் விடுபட்டவர்கள். ஒரு தடவை சோதித்து, இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

சி வந்தால் குணமாகாது என்கிறார்களே?

பழைய பேச்சு. 1989 வரை இந்த வைரஸுக்குப் பேர்கூடக் கிடையாது. "ஏயும் இல்லை, பியும் இல்லை" என்றுதான் டாக்டர்கள் எழுதினார்கள். கண்டுபிடிப்புக்கு 2020-ல் ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் நோபல். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சி-க்கான சோஃபோஸ்புவிர் என்ற மருந்து வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். பிறகு இந்திய நிறுவனங்கள் உரிமம் வாங்கித் தயாரித்ததில் விலை சரிந்தது. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரை. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. குணமான பிறகும், உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஆன்டிபாடி சோதனையில் பாசிட்டிவ் என்றே காட்டும். அது பழைய தழும்பு. வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனையில் இல்லை என்று வந்தால் இல்லைதான். சி வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம்.

காது குத்து, பச்சை குத்துவது, சலூன்: இவற்றில் வருமா?

வரும். குலதெய்வம் கோயிலில் ஒரே நாளில் வரிசையாகப் பிள்ளைகளைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவார்கள். ஒரு பிள்ளைக்குக் குத்திய கம்பியைத் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு எடுத்தால் வம்பு. பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆசாரியிடம் புதுக் கம்பி கேளுங்கள். மொய்ப்பணத்தில் அது ஒரு செலவே இல்லை. திருவிழாக் கடைப் பச்சை ஊசிக்கும் இதேதான். சலூனில் புது பிளேடைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் போன இடத்தில் தேவையில்லாமல் ஊசி கேட்டு வாங்கும் பழக்கத்தையும் விடுங்கள். 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டதில் பி பரவிப் பலர் இறந்தார்கள்.

ஸ்கேனில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று போட்டிருக்கிறது. புற்றுநோய் ஆகிவிடுமா?

பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். குடிக்காதவர்களுக்கும் இது வரும். சர்க்கரை, தொப்பை, மூன்று வேளையும் அரிசி, இவை காரணம். ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கும் உண்டு. கொழுப்பு படிந்து, சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, கடைசியில் கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகுவதுதான் சிரோசிஸ். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சி தணிகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 80 கிலோ ஆள் என்றால் ஆறு முதல் எட்டு கிலோ. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற முதல் மருந்தை அமெரிக்கா அனுமதித்தது. அதுவும் ஓரளவு தழும்பு விழுந்தவர்களுக்குத்தான், நடைப்பயிற்சியோடு சேர்த்துத்தான்.

காபியைப் பற்றியும் கேட்பீர்கள். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. டம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவதைப் பற்றி அவை சொல்லவில்லை.

குடி?

தெரிந்த பதில்தான். பி, சி, சிரோசிஸ் இருப்பவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, பீரும் சேர்த்துத்தான்.

பூஞ்சை பிடித்த கடலை கெடுதலா?

கசக்கிற கடலையைத் துப்பிவிடுங்கள். நிலக்கடலை, மக்காச்சோளம் ஈரத்தோடு மூட்டை கட்டப்பட்டால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடும். வறுத்தாலும் அது முழுக்கப் போகாது. பி இருப்பவர் உடம்பில் இதுவும் சேர்ந்தால் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்காகும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடி ஊர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கடலை போடுபவர்கள் நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டினால் பாதி வேலை முடிந்தது. செக்குக்குக் கொண்டுபோகும் முன் சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வரும்.

கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

வலி வந்து கண்டுபிடித்தால் பெரும்பாலும் தாமதம். சிரோசிஸ் உள்ளவர்களும், டாக்டர் சொல்கிற பி நோயாளிகளும் 6 மாதத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், ஏ.எஃப்.பி. (கல்லீரல் கட்டி இருந்தால் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஒரே கட்டி, 5 சென்டிமீட்டருக்குள். அல்லது மூன்று வரை, ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். இந்த அளவில் பிடித்தால் மாற்று அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும் என்று இத்தாலியின் மிலான் நகரில் 1996-ல் காட்டினார்கள். இன்றும் உலகம் கையில் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் உண்டு. கட்டி பெரிதாகிவிட்டால் ரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்தி அடைப்பது, மாத்திரை, 2020-ல் வந்த நோயெதிர்ப்பு மருந்துக் கூட்டு என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் அவை நாட்களை நீட்டுவதற்கே அதிகம் உதவும்.

பியை வேரோடு பிடுங்கும் மருந்து வருமா? ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால் போகலாமா?

வழி தெரியத் தொடங்கியிருக்கிறது. பெபிரோவிர்சென் என்ற ஊசி மருந்தை 24 வாரம் கொடுத்த சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் வைரஸ் தலைகாட்டவில்லை. பத்தில் ஒன்பது பேருக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

போகலாமா என்றால், கேட்டுவிட்டுப் போங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை ஒவ்வொன்றும் ஆரம்பிப்பதற்கு முன்பே தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் வேண்டும். உங்களுக்கு மருந்தே இல்லாத போலி மருந்து கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் எந்த நாளிலும் விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. படிவத்தின் நகல் ஒன்றை வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.